குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் (பல கணினிகளைச் சேர்த்து மென்பொருள்களை ஓட்டும் அமைப்பு) என்னென்ன சிஆர்டி (புதிதாக ஒரு வகைப் பொருளைச் சேர்க்கும் வரையறை) இருக்கிறது என்று பார்க்கப் போய் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

எபேன் இரவுப்பணி

மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முந்தைய நாள். அலுவலகத்தில் பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரின் பழைய கிளஸ்டரை ஒழித்துக்கட்டும் வேலை எனக்கு. ஒப்படைக்க வந்தவர் திரையைப் பகிர்ந்து, ஒரு நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த ஓர் அறை) 'கியூப்சிடிஎல் கெட் ஆல்' தட்டினார். கிளஸ்டரோடு பேசும் கருவியிடம் 'எல்லாவற்றையும் காட்டு' என்று கேட்பது போல ஒலிக்கும் கட்டளை அது. 'நோ ரிசோர்சஸ் ஃபவுண்ட்' என்று வந்தது. "பார்த்தீர்களா, காலி. நேம்ஸ்பேஸையே அழித்துவிடலாம்" என்றார்.

ஆனால் அதில் 'அழிக்காதே' என்கிற பொருளில் ஒரு லேபிள் இருந்தது. காலியாகக் கிடக்கும் நேம்ஸ்பேஸுக்கு யார் அப்படி லேபிள் ஒட்டுவார்கள்? 'கெட் சிஆர்டி' அடித்துப் பார்த்தேன். பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. பெரும்பாலானவை, வெளியே கிளவுடில் இருப்பவற்றைக் கிளஸ்டருக்குள்ளிருந்தே உருவாக்கி ஆளும் கிராஸ்பிளேன் என்கிற கருவி கொண்டுவந்து இறக்கியவை. பிறகு, சர்வர் அறிந்த எல்லா வகைகளையும் பட்டியலிடும் 'ஏபிஐ ரிசோர்சஸ்' கட்டளையில் நேம்ஸ்பேஸுக்கு உட்பட்டவை, 'லிஸ்ட்' செய்யக்கூடியவை என்று வடிகட்டி, பெயர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வகையாக அந்த நேம்ஸ்பேஸில் தேடவிட்டேன். நேம்ஸ்பேஸோடு தானாக வரும் சில்லறைகளைத் தள்ளினால் மிஞ்சியது ஒரே ஒரு வரி: தரவுத்தளத்துக்கான கிளெய்ம், அதாவது 'ஒன்று வேண்டும்' என்று கிராஸ்பிளேனிடம் கேட்கும் விண்ணப்பம். சிங்க்டு ட்ரூ, ரெடி ட்ரூ, அதாவது உயிரோடு இருக்கிறது. 'கெட் ஆல்' காட்டக்கூடிய பாட் இல்லை, சர்வீஸ் இல்லை. நிஜமான தரவுத்தளம் கேப் டவுன் ரீஜியனில் ஓடிக்கொண்டிருந்தது, அவர்களுடைய பில்லிங் மொத்தமும் அதில்தான். டெலிஷன் பாலிசியும் 'டெலீட்'. நேம்ஸ்பேஸ் போனால் கிளெய்ம் போகும், கிளெய்ம் போனால் பின்னாலேயே தரவுத்தளமும் போகும்.

அந்த மனிதர் "ஓ" என்றார். அவ்வளவுதான். அடுத்த நேம்ஸ்பேஸுக்குப் போய்விட்டார்!

ரோஸ் ஹில் வாசி

தம்பி, 'கெட் ஆல்' மீது பழி போடாதீர்கள். சிஆர்டியை எழுதியவர் அதன் கேட்டகரீஸ் பகுதியில் 'ஆல்' என்று சேர்த்திருந்தால் அது வரும், சேர்க்காவிட்டால் வராது. குபெர்னெட்டீஸோடு வரும் வகைகளான இங்கிரஸும் சீக்ரெட்டும் கான்ஃபிக்மேப்பும்கூடத்தான் வருவதில்லை, அதற்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. கிராஸ்பிளேன் தன் பங்குக்கு 'கிளெய்ம்', 'மேனேஜ்டு' என்று தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது. 'கெட் கிளெய்ம்' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

என் கதை வேறு. ஒரு வங்கியில் ஒப்பந்த வேலை. எனக்கு ஒரே ஒரு நேம்ஸ்பேஸில்தான் அனுமதி. 'கெட் சிஆர்டி' என்றதும் 'ஃபர்பிடன்' (அனுமதியில்லை) என்று முகத்தில் அடித்தது. சிஆர்டி கிளஸ்டர் மட்டத்துப் பொருள், சரிதான். பாதுகாப்புப் பிரிவு அம்மையார் பின்னால் நின்று, "எங்களிடம் என்ன ஓடுகிறது என்பது வெளியாளுக்குத் தெரியக்கூடாது" என்று பெருமையாகச் சொன்னார். நான் பேசாமல் 'ஏபிஐ ரிசோர்சஸ்' தட்டினேன். எந்த வால்ட் (ரகசியங்களைக் காக்கும் கருவி), எந்த பேக்அப் கருவி, எந்த சர்வீஸ் மெஷ் (சர்வீஸ்களுக்கிடையிலான போக்குவரத்தை ஆளும் அடுக்கு), எல்லாம் குழுப் பெயரோடு வரிசையாக வந்து நின்றன. உள்ளே நுழைந்த எவருக்கும் டிஸ்கவரி அனுமதி, அதாவது என்னென்ன வகைகள் இருக்கின்றன என்று கேட்கும் உரிமை, இயல்பாகவே உண்டு என்பது அவருக்கு அதுவரை தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டர்பன் சர்வர் அறை

ரோஸ் ஹில் அண்ணா சொல்வது சரி, ஆனால் 'ஏபிஐ ரிசோர்சஸ்' பட்டியலையும் சிஆர்டி பட்டியலையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. எங்கள் ஊர் மின்வெட்டுக் காலம் உங்களுக்குத் தெரியும். மின்சாரம் திரும்பி வந்து கிளஸ்டர் எழுந்துவிட்டது, சிபியூ, நினைவகப் பயன்பாட்டை அளந்து தரும் மெட்ரிக்ஸ் சர்வர் மட்டும் எழவில்லை. 'ஏபிஐ ரிசோர்சஸ்' பட்டியலின் கடைசியில், சர்வரின் ஏபிஐ பட்டியலை முழுமையாகப் பெற முடியவில்லை என்று ஒரு பிழை. புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, சிஆர்டி எல்லாம் அழிந்துவிட்டதாக மேலாளருக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டான்! மெட்ரிக்ஸ் சிஆர்டியே அல்ல, வேறொரு சர்வரிலிருந்து ஒட்டவைத்த ஏபிஐ. 'கெட் சிஆர்டி'யில் அது ஒருநாளும் வராது. மற்ற வகைகளெல்லாம் பிழைக்கு மேலே பத்திரமாக இருந்தன. ஆனால் அது எழும்வரை எந்த நேம்ஸ்பேஸை அழித்தாலும் 'டெர்மினேட்டிங்' (அழிந்துகொண்டிருக்கிறது) நிலையிலேயே தொங்கியது.

காத்ர் போர்ன் பெரியவர்

என்னிடம் கதை பெரிதாக இல்லை. ஒருவன் ஹெல்மில் (குபெர்னெட்டீஸில் மென்பொருள்களை நிறுவும் கருவி) அன்இன்ஸ்டால் செய்த பிறகும் சிஆர்டி போகவில்லையே என்று கையால் அழித்தான், எல்லா நேம்ஸ்பேஸிலும் அந்த வகைப் பொருள்கள் அத்தனையும் போயின. முடிந்தது கதை.

ஆனால் இளைஞர்களே, கொஞ்சம் கேளுங்கள். 2017இல் குபெர்னெட்டீஸ் 1.7 பதிப்பில் சிஆர்டி வருவதற்கு முன்னால் தேர்ட் பார்ட்டி ரிசோர்ஸ் என்று ஒன்று இருந்தது, அதோடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. சிஆர்டி நிலைபெற்றது 2019இல், 1.16இல். பழைய பீட்டா வடிவம் 1.22இல் எடுக்கப்பட்டது. ஆகவே பட்டியலைப் பார்க்கும்போதே ஒவ்வொன்றும் எந்தப் பதிப்புகளைத் தருகிறது, எதில் சேமிக்கிறது என்றும் பாருங்கள். ஹெல்ம் சார்ட்டின் (நிறுவும் தொகுப்பின்) 'சிஆர்டிஎஸ்' கோப்புறையில் இருப்பவற்றை ஹெல்ம் முதல் முறை நிறுவும், அதன்பின் புதுப்பிக்கவும் செய்யாது, அகற்றவும் செய்யாது. அதனால்தான் ஆபரேட்டர் (அந்த வகைப் பொருள்களைக் கவனித்து வேலை செய்யும் நிரல்) போன பிறகும் அனாதைச் சிஆர்டிகள் கிடக்கின்றன. அழிக்கத்தான் வேண்டும் என்றால் ஆபரேட்டர் உயிரோடு இருக்கும்போதே பொருள்களை அழியுங்கள். இல்லாவிட்டால் ஃபைனலைசரை (துப்புரவு முடியும்வரை பொருளை அழியவிடாமல் பிடித்துவைக்கும் குறி) கழற்ற ஆளில்லாமல் சிஆர்டியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். சிஆர்டியின் வடிவத்தை யாம்ல் கோப்பாக எடுத்து வையுங்கள், பொருள்களையும் தனியாக எடுத்து வையுங்கள். விடுமுறைக்கு முந்தைய நாள் எதையும் அழிக்காதீர்கள்.

எபேன் இரவுப்பணி

பெரியவரே, நான் எதையும் அழிக்கவில்லை, அழிக்க விடவும் இல்லை. ரோஸ் ஹில் அண்ணா, 'கெட் கிளெய்ம்' எனக்கும் தெரியும். உள்ளே இருப்பது கிராஸ்பிளேன் என்று தெரிந்த பிறகுதானே அதைத் தட்ட முடியும்?

போர்ட் லூயி புதியவள்

நடுவில் நுழைகிறேன். எங்கள் கிளஸ்டரில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளங்களை நடத்தக் கிளவுட்நேட்டிவ்பிஜி என்கிற ஆபரேட்டர் இருக்கிறது. பிறகு யாரோ, குபெர்னெட்டீஸ் கிளஸ்டர்களையே உருவாக்கி ஆளும் கிளஸ்டர் ஏபிஐ என்கிற கருவியையும் நிறுவினார்கள். மறுநாள் காலை 'கெட் கிளஸ்டர்ஸ்' என்றால் ஒன்றுமே இல்லை. எனக்குக் கை நடுங்கியது. இரண்டு கருவிகளின் ஏபிஐ குழுவிலும் 'கிளஸ்டர்' என்று அதே பெயரில் வகை உண்டு. கியூப்சிடிஎல் தானாக ஒன்றைத் தேர்ந்து காலிப் பட்டியலைக் காட்டியிருக்கிறது. குழுப் பெயரோடு முழுதாக அடித்ததும் தரவுத்தளங்கள் வந்துவிட்டன. எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டிலும் சுருக்கப் பெயர்தான் இருக்கிறது. பெரிய அண்ணன்மார்களே, அதை மாற்றச் சொன்னால் "இதுவரை ஓடியதே" என்கிறார்கள், என்ன சொல்லிப் புரியவைப்பது?

ரோஸ் ஹில் வாசி

அந்தக் காலிப் பட்டியலைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பிவிடுங்கள், தங்கச்சி.