கோ தா பியூ சாட்சியை வாலிபர் கூடுகையில் எப்படிச் சொல்வது?

தாமுவே வாலிபன்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். யாங்கோன்ல நம்ம தமிழ்ச் சபை வாலிபர் கூடுகையில் 20 நிமிஷம் பேசணும். 'உபத்திரவத்தில் தேவன் எடுத்துப் பயன்படுத்தும் பாத்திரங்கள்', இதுதான் தலைப்பு. அமெரிக்க மிஷனரி ஜட்சன் பர்மாவில் சிறையிருந்தது, கோ தா பியூ சாட்சி ரெண்டையும் சொல்லலாம்னு இருக்கேன். வசனம் 1 கொரிந்தியர் 1:27. எங்கே தப்பு வரும்?

இன்செயின் அண்ணன்:
ரெண்டும் அடங்காது தம்பி. கோ தா பியூவுக்கே 15 நிமிஷம் ஓடிடும்.

அவர் பர்மாவின் கரேன் இனத்தவர், கொள்ளைக்காரர். முப்பது கொலைகளில் பங்கு உண்டுன்னு அவரே சொன்னதாப் பதிவு இருக்கு. கடன் அடிமையா இருந்தவரை முதலில் மீட்டது மவுங் ஷ்வே பே என்ற பர்மிய விசுவாசி. கோ தா பியூவோட கோபத்தை ஷ்வே பேயால் சமாளிக்க முடியாமல் போனபிறகுதான் ஜட்சன் பொறுப்பேற்றார். பலர் ஷ்வே பேயை விட்டுடுவாங்க, நீங்க விடாதீங்க. ஞானஸ்நானம் 1828 மே 16, தவோய் (இப்போ தாவெய்) ஊரில். கொடுத்தவர் போர்ட்மன் என்ற மிஷனரி, ஜட்சன் இல்லை.

அடுத்து, 'ஒரே நாளில் ஆட்டுக்குட்டி ஆயிட்டார்'னு முடிச்சிடாதீங்க. முன்கோபம் பிறகும் இருந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து சபை மேய்க்கிற வேலை அவருக்குச் சரிவரலை. கிராமம் கிராமமா நடந்து சொல்றதுதான் அவர் ஊழியம். 1840ல் இறக்கும்வரை அதைத்தான் செய்தார். வாலிபர்களுக்கு ஒட்டுவது இந்தப் பகுதிதான்.

தவோய் கரேன்கள் பூஜித்து வைத்திருந்த புத்தகத்தை 'பைபிள்'னு சொல்றவங்க உண்டு. போர்ட்மன் திறந்து பார்த்தப்போ அது சங்கீதங்களோடு சேர்ந்த ஆங்கில ஜெப புத்தகம்.

மேரி அக்கா:
ஜட்சனைத் தொடுறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. 'சுவிசேஷம் சொன்னதுக்காகச் சிறை' இல்லை. முதல் ஆங்கில-பர்மிய யுத்தம் நடந்துட்டிருந்தது. ஆங்கில வியாபாரி வழியா அவருக்குப் பணம் வந்ததால ஒற்றன்னு சந்தேகப்பட்டு, 1824 ஜூன் 8ல் அப்போதைய பர்மியத் தலைநகர் ஆவாவில் பிடிச்சாங்க.

சொல்லவேண்டியது தலையணை. ஜட்சன் பர்மிய மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாட்டு கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் அம்மா முதலில் மண்ணில் புதைச்சாங்க. மழையில் கெட்டுடும்னு எடுத்து, யாரும் ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடா ஒரு தலையணையில் தைச்சுச் சிறைக்கு அனுப்பினாங்க. கைதிகளை அவுங்பின்லே என்ற வேறொரு சிறைக்கு மாத்தினப்போ காவலாளி மேலுறையை உருவிக்கிட்டு மிச்சத்தை வீசிட்டான். மவுங் இங் என்ற சீடர் ஞாபகார்த்தமா எடுத்து வச்சதுதான் பிழைச்சது. உள்ளே என்ன இருக்குன்னே அவருக்குத் தெரியாது! 1832ல் அது அச்சாச்சு. இதை மட்டும் 4 நிமிஷத்தில் சொல்லிடலாம்.

தாமுவே வாலிபன்:
நன்றி அண்ணா, அக்கா. பிலிப்பியர் 1:12ஐயும் சேர்க்கலாமா?

இன்செயின் அண்ணன்:
அது பவுல் கட்டுண்டது கிறிஸ்துவுக்காக, ஜட்சனுக்கு நேராப் பொருந்தாது. 2 இராஜாக்கள் 5 எடுங்க. நாமான் வீட்டில் சிறைபிடிக்கப்பட்ட சிறுமி, பேர்கூட இல்லை. மவுங் இங் பகுதிக்குச் சரியா உட்காரும். கரேன் வாலிபர்கள் வந்தா பதெய்னில் உள்ள கோ தா பியூ நினைவு மண்டபத்தையும் ஒரு வரி சொல்லுங்க. ஞானஸ்நானத்தின் 50ஆம் ஆண்டில், 1878ல் திறந்தது.