ஈடிசி ப்ரொஃபைல் 300 வரி ஆயிடுச்சு, எப்படிப் பிரிக்கிறது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, டீம் மொத்தமும் லாகின் பண்ற டெபியன் லினக்ஸ் சர்வர் ஒண்ணு இப்ப என் பொறுப்புல வந்திருக்கு. இத்தனை வருஷமா ஆளாளுக்கு ஈடிசி ப்ரொஃபைல் (யார் லாகின் பண்ணாலும் ஓடுற பொது செட்டிங்) ஃபைலுக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்காங்க, ஜாவா பாத், ப்ராக்ஸி, ஏலியாஸ் (கமாண்டுக்கு வைக்கிற சுருக்கப் பேரு), ப்ராம்ப்ட் கலர்னு எல்லாம் ஒரே குவியல், எதைத் தொட்டா எது உடையும்னே தெரியல. இன்னொண்ணு, எஸ்எஸ்ஹெச்ல (வெளியில இருந்து சர்வருக்கு லாகின்) வந்தா ஏலியாஸ் வேலை செய்யுது, டிமக்ஸ்ல (ஒரே டெர்மினல்ல பல ஷெல் திறக்கிற டூல்) இருந்துகிட்டு பேஷ்னு (கமாண்ட் வாங்கி ஓட்டுற ஷெல்) டைப் பண்ணி உள்ள போனா காணோம். இத எப்படி ஒழுங்குபடுத்துறது?

பதில் 1:
முதல்ல அந்த ஃபைல டெபியன் கொடுத்த மாதிரியே திருப்பி வச்சிருங்க. அதோட கடைசியில ஒரு லூப் இருக்கும், ப்ரொஃபைல் டாட் டி டைரக்டரில டாட் எஸ்ஹெச்னு முடியுற ஃபைல் ஒவ்வொண்ணையும் அது படிக்கும், உங்க சமாச்சாரம் எல்லாம் அங்கதான் போகணும், ஒரு ஃபைலுக்கு ஒரு வேலை. ஜாவாவுக்கு ஒண்ணு, ப்ராக்ஸிக்கு ஒண்ணு. அப்பதான் ஒண்ணு வேண்டாம்னா அந்த ஃபைல மட்டும் தூக்கிடலாம். வரிசை முக்கியம்னா முன்னாடி நம்பர் போடுங்க, ஆனா 05, 10னு ரெண்டு இலக்கமா போடுங்க, எழுத்து வரிசைங்கறதால 9க்கு முன்னாடியே 10 வந்துடும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, இந்த ஸ்கிரிப்ட்டெல்லாம் தனி ப்ராசஸா ஓடாது, லாகின் ஷெல்லுக்குள்ளயே (லாகின் பண்ணதும் முதல்ல திறக்கிற ஷெல்) சோர்ஸ் ஆகுது, அதாவது அந்த ஷெல்லே வரி வரியா படிச்சு ஓட்டுது. அதனால எக்ஸிக்யூட் பெர்மிஷன் தேவையில்ல, ரீட் இருந்தா போதும். அதே காரணத்தால உள்ள எக்ஸிட்னு எழுதிட்டீங்கன்னா மொத்த லாகினும் போயிடும், யாராலயும் உள்ள வர முடியாது. நான் ஒருதடவை அப்படி மாட்டி கன்சோல் வழியா போய் சரி பண்ண வேண்டியதாச்சு. ரிட்டர்ன் போடுங்க. மாத்தும்போது ரூட் செஷன் ஒண்ண தனியா திறந்தே வச்சிருங்க.

பதில் 2:
ஏலியாஸ் பிரச்சனைக்கு வரேன். ஈடிசி ப்ரொஃபைல லாகின் ஷெல் மட்டும்தான் படிக்கும், நீங்க சும்மா பேஷ்னு அடிச்சா அது லாகின் ஷெல் இல்ல. எக்ஸ்போர்ட் பண்ண வேரியபிள் சைல்ட் ப்ராசஸுக்கு போகும், ஏலியாஸ் போகாது. அதனால ஏலியாஸையும் ப்ராம்ப்ட்டையும் ஈடிசில இருக்கிற பேஷ் டாட் பேஷ்ஆர்சிக்கு மாத்துங்க, டெபியன்ல லாகின் ஷெல் பேஷா இருந்தா ப்ரொஃபைலே அதையும் கூப்பிட்டுக்கும், ரெண்டு பக்கமும் கிடைக்கும். க்ரானும் (நேரம் வச்சு ஓடுற வேலை) சிஸ்டம்டி சர்வீஸும் (பின்னாடி ஓடுற சர்வீஸ்) இது எதையுமே படிக்காது, அதுங்களுக்கு வேணும்னா அங்கயே தனியா கொடுக்கணும்.

பதில் 3:
ப்ரொஃபைல் டாட் டில பேஷுக்கு மட்டுமே உள்ள சிண்டாக்ஸ் வேண்டாங்க. இரட்டை சதுர அடைப்பு, அர்ரே எல்லாம் டேஷுக்கு (பேஷை விட சின்ன இன்னொரு ஷெல்) புரியாது, டெபியன்ல எஸ்ஹெச்ங்கறது டேஷ்தான். பாத்ல சேர்க்கும்போதும் ஏற்கெனவே இருக்கான்னு கேஸ் கட்டளை போட்டு பார்த்துட்டு சேருங்க, இல்லன்னா ரெண்டு ஃபைல் ஒரே டைரக்டரிய சேர்த்தா அது ரெண்டு தடவை ஏறிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பேஷுக்கு மைனஸ் எல் (லாகின் ஷெல்லா திறக்க), மைனஸ் எக்ஸ் (ஓடுற ஒவ்வொரு வரியையும் காட்ட) ரெண்டும் கொடுத்து ஓடவிட்டு வரி வரியா பார்த்தேன், ப்ராக்ஸி மூணு இடத்துல செட் ஆகுது, கடைசில வர்றதுதான் ஜெயிக்குது. ஏழு ஃபைலா பிரிச்சுட்டேன், ஏலியாஸ் இப்ப டிமக்ஸ்லயும் வருது.