ஈரோட்டு வீடு: குடும்பக் குழு

*செல்வி அத்தை:* கார்த்தி கண்ணு, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கம்ப்யூட்டர்தான். வலது மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நீ உருண்டை வெச்ச மவுஸ் ஒண்ணு வெச்சிருப்பியே, அதுக்கு மாறட்டுமா?

*தேவா:* அம்மா வேண்டாம். நான் அதை உருட்டிப் பார்த்தேன், கர்சர் எங்கெங்கயோ ஓடுது

*கார்த்தி:* நீ ஆடற கேமுக்கு மவுஸ்தான்டா மாப்ள, அதுல மறுபேச்சே இல்ல. சட்டுனு திரும்பிக் குறி வெக்கணும்னா கை முழுசும் நகரணும். அத்தை வேலை வேறடா.

*கார்த்தி:* அத்தை, அது டிராக்பால். வெச்ச எடத்துலயே இருக்கும். உருண்டையை விரலால உருட்டுனா போதும், கை நகராது.

*சித்தப்பா:* அக்கா, டேலி கணக்கு சாஃப்ட்வேருக்கு எதுக்கு மவுஸு? எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்சேஸ், எல்லாம் கீபோர்டுலயே முடியுமே

*செல்வி அத்தை:* டேலி சரி தம்பி. ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒவ்வொண்ணையும் கிளிக் பண்ணித்தானே ஆகணும்

*பிரியா அக்கா:* அத்தை, வலி எந்தப் பக்கம்? கட்டைவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா?

*செல்வி அத்தை:* சுண்டுவிரல் பக்கம் சாமி. தோள்பட்டையும் இழுக்குது. நம்பர் அடிச்சுட்டு மவுஸ எட்டிப் புடிக்கறப்ப ரொம்ப.

*பிரியா அக்கா:* அதேதான். கீபோர்டுல நம்பர் அடிக்கற பகுதி, அதான் நம்பர் பேட், வலது ஓரத்துல இருக்கு, மவுஸ் அதையும் தாண்டி இருக்கு. நாள் முழுக்க கை வெளிப்பக்கமாவே நீண்டு நிக்குது. டிராக்பாலை வாங்கி அதே எடத்துல வெச்சா வலியும் அப்படியேதான் இருக்கும்.

*கார்த்தி:* அதனாலதான் அத்தை, இடது கைக்கு வாங்குங்கன்னு சொல்றேன். வலது கை நம்பர் பேடை விட்டு நகரவே வேண்டாம். இடது கையில மவுஸ் புடிச்சுப் பழகறது கஷ்டம், உருண்டைன்னா விரல் நுனி வேலைதான்.

*கார்த்தி:* ஆனா எல்லா டிராக்பாலும் ரெண்டு கைக்கும் வராது. லாஜிடெக் எம்575 மாதிரி கட்டைவிரலால உருட்டறது வலது கைக்குன்னே செஞ்சது. நான் எடிட்டிங்குக்கு வெச்சிருக்கறது கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ். பேருலதான் மவுஸ், ஆளு டிராக்பால். உருண்டை 55 மில்லிமீட்டர், நடுவுல இருக்கும், எந்தக் கையாலயும் உருட்டலாம். சுத்தி ஒரு வளையம் இருக்கு, அதைத் திருப்புனா பக்கம் மேல கீழ போகும். நீளமான எக்செல் ஷீட்டுக்கு அந்த வளையம் ஒண்ணே போதும்னு சொல்வேன்.

*பிரியா அக்கா:* கட்டைவிரல் மாடல் எனக்கும் பிடிக்காது. மணிக்கட்டுச் சுமை அப்படியே கட்டைவிரல் நரம்புக்குப் போயிரும்னு பயம். ரெண்டு மூணு விரல் சேர்ந்து உருட்டறதே நல்லது.

*சித்தப்பா:* இது புது சாமான்னு நினைக்காதீங்க. மவுஸை விடப் பழசு. 1946ல பிரிட்டிஷ் கடற்படை ரேடாருக்காக ரால்ஃப் பெஞ்சமின் யோசிச்சது. கனடா கடற்படை செஞ்சதுல பவுலிங் பந்தையே வெச்சிருந்தாங்க. டக்ளஸ் எங்கல்பார்ட் கண்டுபிடிச்ச மவுஸ் 1964லதான் வந்துச்சு.

*செல்வி அத்தை:* கடைல பஞ்சுத் தூசி பறக்குமே, உருண்டை சிக்காதா?

*கார்த்தி:* சிக்கும் அத்தை. உருண்டை உக்கார்ற மூணு புள்ளில தூசி சேர்ந்து இறுகும், அப்பக் கர்சர் தத்தித் தத்திப் போகும். உருண்டையைக் கையிலயே தூக்கிட்டு, அந்த மூணையும் துணியால துடைச்சாப் போதும். உங்க கடைக்கு வாரம் ஒருதடவை துடைங்க. மவுஸ்ல இந்த வேலை இல்லை, அது நிஜம்.

*கார்த்தி:* சனிக்கிழமை ஊருக்கு வரேன், என்னோடதைக் கொண்டாரேன். ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. முதல்ல கர்சர் வேகத்தைக் குறைச்சு வெச்சுத் தரேன், தேவாவுக்கு ஓடுன மாதிரி ஓடாது.

*பிரியா அக்கா:* விரல் மரத்துப் போனா மட்டும் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க அத்தை, டாக்டரைப் பாருங்க.

*செல்வி அத்தை:* மரப்பு இல்ல கண்ணு, வலி மட்டுந்தான். கொண்டா கார்த்தி, பார்க்கறேன்.

*மாமா:* அதுக்கு மவுஸ் பேட் வேணுமா?

*கார்த்தி:* வேண்டாங்க மாமா. ரசீதுக் கட்டுக்கு நடுவுல வெச்சாலும் வேலை செய்யும்.