மறு: அண்டர்சைஸ் பேரிங்குக்கு ‘குறையளவுத் தாங்கி’ சரியா வருமா?

வணக்கம். அண்டர்சைஸ் பேரிங்குக்குத் தமிழ்ச் சொல்லா நேத்து ‘குறையளவுத் தாங்கி’ன்னு ஐயா ஒருத்தர் எழுதியிருந்தீங்க, சொல்லுல குத்தமில்ல, ஆனா பொருள் தலைகீழாயிடுது. தேஞ்ச கிராங்க்க (பிஸ்டன் தள்ளத்தள்ள சுத்துற தண்டு) சாணை புடிச்சா குறையறது அந்தத் தண்டோட சுத்தளவு, அதைச் சுத்தி உக்கார்ற பேரிங் செல்லு (பாதி வளையத் தகடு) தடிச்சுதான் வரும்.

போன தை மாசம் குறிஞ்சிப்பாடி பக்கம் கரும்பு லோடோட வர்றப்ப எங்க டிராக்டர்ல ஆயில் பிரஷர் முள்ளு பொத்துன்னு எறங்கி, அடியில டக்கு டக்குன்னு தட்ட ஆரம்பிச்சுது. கடலூர்ல ஒரு பட்டறையில பிரிச்சா, மூணு சிலிண்டர் இன்ஜின், கிராங்க்கோட நடு பின்னு (பிஸ்டன் ராடு மாட்டுற எடம்) வரிவரியா கீறிக்கெடக்கு, செல்லுல செம்பு தெரியுது. மெக்கானிக் அண்ணன் மைக்ரோமீட்டர மேலகீழ ஒருதடவ, பக்கவாட்டுல ஒருதடவ வச்சுப் பாத்துட்டு “தம்பி, முட்ட மாதிரி ஆயிடுச்சு, ஏற்கனவே நாப்பதுல ஓடுது, இனிமே சாணை புடிக்க எடமில்ல, கிராங்க்கையே மாத்திடு”ன்னாரு.

நாப்பதுன்னா ஒரு இன்ச்ச ஆயிரமாப் பிரிச்சு அதுல 40 பங்கு, ஏறக்குறைய 1 மி.மீ. பத்து, இருபது, முப்பது, நாப்பதுன்னு படிப்படியாத்தான் சாணை போடுவாங்க, படிக்கு 0.25 மி.மீ. இருபதுக்குப் போட்டா குறுக்களவுல 0.50 குறையும், மேல் செல்லும் கீழ் செல்லும் ஆளுக்கு 0.25 தடிச்சு அதை நெரவணும். எங்கப்பா கேட்டுட்டு “மம்பட்டிக் காம்பு தொளதொளன்னா ஆப்பு அடிக்கிறதில்லையா, அதான்டா”ன்னாரு. இப்ப இதுக்குப் போயி குறையளவுன்னு பேர் வச்சா படிக்கிறவன் மெல்லிசு செல்லுன்னுதானே நெனைப்பான்?

அதனால நான் கேக்குறது ‘சாணை’. அருவாளுக்கும் அதே சொல்லுதான், யாருக்கும் வெளக்க வேணாம். பத்துக்கு ‘முதல் சாணைத் தாங்கி’, இருபதுக்கு ‘ரெண்டாம் சாணைத் தாங்கி’, இப்படி நாலு வரைக்கும். புது கிராங்க்குக்குப் போடற ஸ்டாண்டர்டு செல்லு ‘சாணை படாத தாங்கி’. ஒரே கிராங்க்குல மெயின் (தண்டு இன்ஜின் பாடியில உக்கார்ற எடம்) இருபதாவும் பின்னு பத்தாவும் இருக்கறதுண்டு, ‘மெயின் ரெண்டாம் சாணை, பின் முதல் சாணை’ன்னு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தா கடைக்காரருக்கும் கொழப்பமில்ல.

பிஸ்டனுக்கும் இதே மாதிரி மாத்தணுமான்னு கேப்பீங்க, வேணாம், லைனர (பிஸ்டன் ஓடுற குழாய) போர் அடிச்சு உள்ள பெருசாக்கினா பிஸ்டன் நெஜமாவே பெருசாத்தான் போடணும், அங்க ஓவர்சைஸுக்கு ‘மிகையளவு’ பொருந்துது.

கிராங்க்ஷாஃப்ட்டுக்கு ‘இருசு’ன்னு ஒருத்தர் சொன்னது கேக்க ஆசையாத்தான் இருக்கு, ஆனா மாட்டுவண்டியில இருசு நிக்கும், சக்கரம் சுத்தும், இங்க தண்டே சுத்துது, அதுவும் கோணக்கோணையா. ‘வணரித்தண்டு’ இருக்கட்டும், வணர்னா வளையறதுதான்.

இன்னும் ஒண்ணு பாக்கி. தாங்கின்னா பால் பேரிங்கும் தாங்கிதான, இந்தப் பாதி வளையத்துக்குத் தனியா பேர் வேணும். ‘அரைவளையம்’னு நான் எழுதிப் பாத்தேன், சப்புன்னு இருக்கு. பழைய செல்ல கையில வச்சுத் திருப்பிப் பாத்த அப்பா “தென்னம்பாளை மாதிரி இருக்கு”ன்னாரு. பாளைன்னே வச்சுக்கலாமா, யாராவது சொல்லுங்க.