குங்குமப்பூச் செடியில் இலை மட்டும் வருகிறது, பூவைக் காணோம்

புதுப்பாத்தி:
வணக்கம். போன வருஷம் கோடை முடிகிற சமயத்தில், இலையுதிர்காலத்தில் பூக்கும் குரோக்கஸ் கிழங்கு இரண்டு பாக்கெட் வாங்கி நட்டேன். ஒன்று குங்குமப்பூ தரும் சட்டைவஸ் (Crocus sativus) வகை. நட்ட வருஷம் நன்றாகவே பூத்தது, இந்த வருஷம் புல் மாதிரி இலை கொத்துக் கொத்தாக நிற்கிறதே தவிர ஒரு மொட்டுகூட இல்லை. அதே பாத்தியில் கோடைப் பூச்செடிகளும் இருப்பதால் வெயில் காலம் முழுக்கச் சொட்டுநீர் போகும். இன்னொரு பாக்கெட்டில் வெறுமனே 'இலையுதிர்கால குரோக்கஸ்' என்று போட்டிருந்தது. அது இலையே இல்லாமல் தரையிலிருந்து நேராக, ரோஸ் நிறத்தில் பெரிய பூவாக வந்திருக்கிறது. முதல் வகை ஏன் பூக்கவில்லை? இரண்டாவதில் குங்குமப்பூ எடுக்கலாமா?

செங்காந்தள்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எடுக்கவே எடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது குரோக்கஸே இல்லை, கோல்ச்சிகம். அதையும் இலையுதிர்கால குரோக்கஸ் என்ற பெயரிலேயே விற்கிறார்கள், அதுதான் வம்பு. ஒரு பூவைப் பிரித்து மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். குரோக்கஸ் என்றால் மூன்று, கோல்ச்சிகம் என்றால் ஆறு. சட்டைவஸ் பூவில் இதைத் தவிர, செக்கச் செவேலென்று மூன்று சூல்முடி இழைகள் இதழுக்கு வெளியே சாய்ந்து தொங்கும், பார்த்தால் தப்பவே தப்பாது.

கோல்ச்சிகத்தில் கிழங்கு, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. கோல்ச்சிசின் என்ற சரக்கு, சமைத்தாலும் போகாது. நம் கண்வலிக்கிழங்கும் இதே குடும்பம்தான், அதிலும் இதே நஞ்சுதான் இருக்கிறது என்றால் உங்களுக்கே புரியும். வசந்தத்தில் இதன் அகலமான இலை வரும்போது காட்டுப்பூண்டு இலை என்று நினைத்துப் பறித்துச் சமைத்து உயிரை விட்டவர்கள் உண்டு. பிடுங்கி எறியச் சொல்லவில்லை, அழகான செடிதான், எலியும் அதைத் தொடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், சமையலுக்குப் பறிக்கும் எதற்கும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள்.

மண்வெட்டி:
சட்டைவஸ் விஷயத்துக்கு வருகிறேன். நட்ட வருஷம் வந்த பூ உங்கள் மண்ணின் தயவு இல்லை, விற்றவர் வளர்த்த கிழங்கில் ஏற்கெனவே இருந்த சத்து. அந்தக் கிழங்கு பூத்து முடித்ததும் சுருங்கிப் போகும், அதன் மேல் புதுக் கிழங்குகள் உருவாகும், குளிர்காலமும் வசந்தமும் இலை வெயில் வாங்கினால்தான் அவை பருக்கும். சுண்டுவிரல் நுனி அளவே இருந்தால் இலை விடும், பூக்காது. ஆழமில்லாமல் மேலாக நட்டால் இப்படிப் பொடிக் கிழங்குகள்தான் நிறைய வரும்.

அப்புறம் அந்தச் சொட்டுநீர். இலை காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் தூங்கும் கோடையில்தான் உள்ளே பூமொட்டு உருவாகிறது, அதற்கு 23 முதல் 27 டிகிரி வரை சூடும் உலர்ந்த மண்ணும் வேண்டும். பிறகு 17 டிகிரி பக்கம் குளிர்ந்ததும் பூ வெளியே வரும். ஈரத்திலேயே கிடந்தால் அழுகத்தான் செய்யும். இலை தானாகப் பழுத்துக் காய்ந்ததும் தோண்டி எடுத்து, பெரியதைத் தனியாகப் பிரித்து, நல்ல வெயிலும் வடிகாலும் உள்ள வேறு இடத்தில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். பொடிக் கிழங்குகளை ஓர் ஓரத்தில் போட்டு வளரவிடுங்கள்.

அணில்தொல்லை:
குங்குமப்பூ வேண்டும் என்றால் மேலே சொன்ன பாடெல்லாம் படலாம், ஒரு கிராமுக்கே ஏறக்குறைய 150 பூ தேவைப்படும், யோசித்துக்கொள்ளுங்கள். பூவைப் பார்த்து ரசித்தால் போதும் என்றால் குரோக்கஸிலேயே ஸ்பீசியோசஸ் வகை நடுங்கள் என்பேன். நீல ஊதா நிறம், இதழில் மெல்லிய நரம்பு ஓடும், விதையிலும் பரவும். சட்டைவஸுக்கு விதையே கட்டாது, கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்கியாக வேண்டும். ஸ்பீசியோசஸிடம் ஒரே குறை, மழை அடித்தால் படுத்துவிடும், தைம் மாதிரி தரையோடு படரும் செடிக்கு நடுவில் நட்டால் தாங்கிப் பிடிக்கும். எதை நட்டாலும் மேலே கம்பிவலை போட்டு மண் மூடுங்கள், இல்லாவிட்டால் அணிலுக்குத்தான் விருந்து.

புதுப்பாத்தி:
எண்ணிப் பார்த்தேன், ஆறு! நல்லவேளை கேட்டேன். அதை எப்போது இடம் மாற்றலாம்? சட்டைவஸ் இலை பரட்டையாகக் கிடக்கிறது, வெட்டிவிடலாமா?

மண்வெட்டி:
கோல்ச்சிகத்தை அதன் வசந்த இலை காய்ந்த பிறகு, கோடையில் மாற்றுங்கள், கிழங்கைத் தொட்டால் கை கழுவுங்கள். சட்டைவஸ் இலையை வெட்டவும் வேண்டாம், முடிச்சுப் போடவும் வேண்டாம், மஞ்சளாகும் வரை அப்படியே கிடக்கட்டும்.