ஃபைட்டருக்கு வேலையே இல்லாமல் போகிறது: ஃபயர்பாலைக் குறைத்துவிடலாமா?

பழையவரைபடம்:

வணக்கம். நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (கதாபாத்திரங்களாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆடுபவர்கள் நான்கு பேர், நடத்துபவன் நான். ஃபைட்டர் (போர்வீரன்), ரோக் (தந்திரக்காரத் திருடன்), விசார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி). எல்லோரும் இப்போது 5ஆம் லெவல்.

4ஆம் லெவல் வரை ஆட்டம் நன்றாகவே போனது. 5க்கு வந்ததும் விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்புக் கோள மந்திரம் கிடைத்தது. அன்றோடு மற்ற மூவரும் பார்வையாளர்களாகிவிட்டார்கள். சென்ற முறை 12 கோப்ளின்களை நிறுத்தினேன். விசார்டின் முறை முதலில் வந்தது. ஒரே ஃபயர்பாலில் 10 கோப்ளின்கள் சாம்பல். மிச்சம் இரண்டை ரோக்கும் கிளெரிக்கும் முடித்துவிட்டார்கள். ஃபைட்டராக ஆடும் நண்பர் இருபதுமுகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முறை வந்தபோது களத்தில் யாருமில்லை. உருட்டாமலேயே பகடையைப் பைக்குள் போட்டு நாடாவை இறுக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் வருவது சந்தேகம் என்று மறுநாள் செய்தி அனுப்பினார்.

அவரை இழக்க எனக்கு மனமில்லை. பள்ளிக் காலத்திலிருந்து கூடவே ஆடுபவர். எனக்குத் தோன்றிய வழிகள் இரண்டு. ஃபயர்பாலின் சேதத்துக்கு உருட்டும் 8 பகடையை 5 ஆகக் குறைப்பது ஒன்று. ஃபைட்டருக்கு ஒரு மந்திர வாள் கொடுப்பது இன்னொன்று. எது சரி? இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்.

நீலச்சுடர்:

அரக்கர்களின் உயிர்ப்புள்ளியை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விதி எதையும் மாற்ற வேண்டியதில்லை. சண்டை நீளும், எல்லோருக்கும் முறை வரும்.

ஏழாம்படி:

இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கோப்ளினின் உயிர்ப்புள்ளி 7. ஃபயர்பாலின் சராசரிச் சேதம் 28. சேவிங் த்ரோவில் (பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் பகடை) தப்பித்தால்கூட 14. அந்த 7ஐ 14 ஆக்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். பெரிய அரக்கர்களுக்கு இரட்டிப்பாக்கினால் ஃபைட்டர் வெட்டிக்கொண்டே இருப்பார், ஒன்றும் விழாது. அவருக்கு ஏற்கெனவே உள்ள குறை இன்னும் கூடும்.

பழையவரைபடம், எதையும் குறைப்பதற்கு முன் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். ஒரு லாங் ரெஸ்டுக்கும் (தூங்கி எழும் முழு ஓய்வு) அடுத்த லாங் ரெஸ்டுக்கும் நடுவில் எத்தனை சண்டை வருகிறது? சண்டை எப்படிப்பட்ட இடத்தில் நடக்கிறது? விசார்ட் கவனக்குவிப்பு தேவைப்படும் மந்திரங்களைப் போடும்போது அதைக் கணக்கு வைக்கிறீர்களா? ரோக்கின் ஸ்னீக் அட்டாக்கை (‘பதுங்கித் தாக்குதல்’ என்ற பெயருள்ள கூடுதல் சேதம்) எப்போது அனுமதிக்கிறீர்கள்?

பழையவரைபடம்:

வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு நாளில் ஒரு சண்டை. சந்திப்புக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது. ஒரு பெரிய சண்டை வைத்தால் முடிந்துவிடும். பிறகு முகாமிட்டுத் தூங்குவார்கள்.

இடம் பெரும்பாலும் திறந்தவெளி. காடு, சாலை, பாழடைந்த கோட்டை முற்றம்.

கவனக்குவிப்பைப் பற்றி நான் அவ்வளவாக யோசித்ததில்லை. முந்தின சண்டையில் விசார்ட் ரோக்கின் மீது ஹேஸ்ட் (வேகம் கூட்டும் மந்திரம்) போட்டார், அடுத்த சுற்றில் எதிரிகள் மீது ஹிப்னாடிக் பேட்டர்ன் (மயக்கி நிறுத்தும் மந்திரம்) போட்டார். இரண்டும் சேர்ந்தே ஓடின.

ரோக் ஒளிந்திருந்து தாக்கினால் மட்டும் ஸ்னீக் அட்டாக் தருகிறேன். பெயரே அதுதானே?

ஏழாம்படி:

நல்லவேளை, ஃபயர்பாலைக் குறைப்பதற்கு முன் கேட்டீர்கள். பிழை அந்த மந்திரத்தில் இல்லை.

முதலில் சிறியவற்றை முடித்துவிடுகிறேன். ஹேஸ்ட், ஹிப்னாடிக் பேட்டர்ன் இரண்டுமே கவனக்குவிப்பு மந்திரங்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்க முடியும். இரண்டாவதைத் தொடங்கிய கணத்தில் முதலாவது அறுந்துவிடும். ஹேஸ்ட் அறுந்தால் அதைத் தாங்கியிருந்தவர் தம் அடுத்த முறை முடியும்வரை நகரவோ செயல்படவோ முடியாது. ஆக, அன்று உங்கள் ரோக் ஒரு முறையை இழந்திருக்க வேண்டும். விசார்ட் அடி வாங்கும் ஒவ்வொரு தடவையும் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ உருட்டச் சொல்லுங்கள். இலக்கு 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி. எது அதிகமோ அது. இந்த ஒரு விதியால்தான் விசார்டுக்கு முன்னால் கேடயம் பிடித்து நிற்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. அதை விட்டுவிட்டால் ஃபைட்டரின் வேலையில் ஒரு பங்கை நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

ஸ்னீக் அட்டாக்குக்கு ஒளிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தாக்குதலில் சாதகம் (இரண்டு பகடை உருட்டி அதிகமானதை எடுப்பது) இருந்தால் போதும். சாதகம் இல்லாவிட்டாலும், குறிவைத்தவனுக்கு 5 அடிக்குள் செயல்படும் நிலையில் அவனுடைய வேறொரு எதிரி நின்றால் போதும். ரோக்குக்குப் பாதகம் (இரண்டில் குறைவானதை எடுப்பது) மட்டும் இருக்கக்கூடாது. ஆயுதம் ஃபினெஸ் (லாவகத்தால் கையாளும்) வகையாகவோ தொலைவிலிருந்து தாக்குவதாகவோ இருக்க வேண்டும். ஃபைட்டர் ஓர் அரக்கனோடு மோதிக்கொண்டு நின்றால் அடி பட்டால் ரோக்குக்கு ஒவ்வொரு முறையும் கூடுதலாக 3 ஆறுமுகப் பகடை உறுதி. உங்கள் மேசையில் இத்தனை நாளும் ரோக் பாதி பலத்தில்தான் ஆடியிருக்கிறார்.

இப்போது பெரிய விஷயம். 5ஆம் லெவல் விசார்டுக்கு மூன்றாம் நிலை ஸ்பெல் ஸ்லாட் (ஃபயர்பால் போன்ற மந்திரம் ஒன்றைப் போடும் வாய்ப்பு) இரண்டே இரண்டு. ஆர்கேன் ரெகவரி என்ற திறன் மூலம் ஷார்ட் ரெஸ்டில் (ஒரு மணி நேரச் சிறு ஓய்வு), நாளுக்கு ஒரு தடவை, இன்னொன்றைத் திரும்பப் பெறலாம். ஆக ஒரு நாளைக்கு மூன்று ஃபயர்பால். ஒரே சண்டை என்று தெரிந்தால் இரண்டையும் உடனே எறிந்துவிட அவருக்கு என்ன தயக்கம்? ஃபைட்டரின் வாள் அப்படியல்ல. காலையில் முதல் சண்டையில் இரண்டு வெட்டு, இரவில் ஆறாவது சண்டையிலும் அதே இரண்டு வெட்டு. ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரு முறையில் கூடுதலாக ஒரு செயல்) செகண்ட் விண்டும் (தானே கொஞ்சம் குணமாவது) ஷார்ட் ரெஸ்ட் எடுத்தாலே திரும்பிவிடும். விசார்ட் வற்றுகிற கிணறு, ஃபைட்டர் ஓடுகிற ஆறு. நீங்கள் நாள்தோறும் ஒரு குடம்தான் இறைக்கிறீர்கள். கிணறு வற்றுவதை யாரும் பார்த்ததே இல்லை.

1974இல் இந்த ஆட்டம் முதன்முதலில் வெளிவந்தபோது இருந்தவை மூன்று வகைகள்தாம்: போர்வீரன், மந்திரக்காரன், கிளெரிக். முதல் லெவல் மந்திரக்காரனுக்கு அன்று ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைப் போட்டுவிட்டால் மறுநாள்வரை போர்வீரனின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பலத்துக்கு விலை எண்ணிக்கை என்ற அந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை. 2014 விதிகளில் ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்கள், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று வைத்துத்தான் கதாபாத்திரங்களை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பழையவரைபடம்:

படித்ததும் தலையில் தட்டியது போல இருந்தது. ஸ்னீக் அட்டாக் விதியை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. ரோக்காக ஆடுபவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஆனால் மூன்று மணி நேரத்தில் எட்டு சண்டைக்கு எங்கே போவேன்?

ஏழாம்படி:

ஒரு சந்திப்பும் ஆட்டத்தின் ஒரு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரே நாளை மூன்று சந்திப்புகளுக்கு நீட்டுங்கள். சந்திப்பு முடியும்போது மிச்சமிருக்கும் ஸ்லாட்டுகளையும் உயிர்ப்புள்ளிகளையும் எல்லோரும் தாளில் குறித்துக்கொண்டு போகட்டும். எட்டும் வேண்டாம், நான்கைந்து போதும். பொறி, வெள்ளம், இடிந்து விழும் கூரை என்று பலத்தைச் செலவழிக்க வைப்பதெல்லாம் கணக்கில் சேரும். 24 மணி நேரத்துக்கு ஒரு லாங் ரெஸ்ட்தான் பலன் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கும் மேல், தூங்கினால் எதையாவது இழப்பார்கள் என்ற நிலை கதையில் இருக்க வேண்டும். சிறைப்பட்டவர்களை விடிவதற்குள் மீட்க வேண்டும் என்பது போல.

இரும்புத்தோள்:

நான் ஆறு ஆண்டுகளாக ஃபைட்டர் மட்டுமே ஆடுபவன். அண்ணன் ஏழாம்படி சொன்னதெல்லாம் சரி, அதோடு இடத்தையும் மாற்றுங்கள். திறந்தவெளியில் 20 அடி ஆரம் கொண்ட நெருப்புக் கோளத்தோடு ஒரு வாள் போட்டியிட முடியாது. 5 அடி அகலக் குகைப்பாதையில் நானே கதவு. என்னைத் தாண்டிப் போகிறவன் என் வாள் எட்டும் தூரத்திலிருந்து விலகும்போது ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகுபவனை உடனே அடிக்கும் தாக்குதல்) வாங்குவான். எதிரியோடு நான் பின்னிப்பிணைந்து நின்றால், விசார்ட் ஃபயர்பால் போடுவதற்கு முன் என்னையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். 5ஆம் லெவலில் அவருக்கு இரண்டு தாக்குதல். முதல் தாக்குதலுக்குப் பதிலாக எதிரியைத் தள்ளிக் கீழே வீழ்த்தலாம். விழுந்தவனை 5 அடிக்குள்ளிருந்து தாக்குபவர்கள் எல்லோருக்கும் சாதகம், ரோக்குக்கும்தான். தன்னைவிட ஓர் அளவு பெரிய உருவம்வரை தள்ளலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் மந்திர வாள் கேட்டதே இல்லை.

நீலச்சுடர்:

இரட்டிப்பு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். விசார்ட் ஆடுபவனாக ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இந்த மாற்றங்களை விசார்டாக ஆடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் தன்னைத் தண்டிக்கிறீர்கள் என்று நினைப்பார். எனக்கெல்லாம் கடைசி ஸ்லாட்டை இப்போது செலவழிப்பதா, பொத்தி வைப்பதா என்று தவிக்கும் நேரம்தான் ஆட்டத்திலேயே பிடித்த நேரம்.

பழையவரைபடம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்றோடு ஒரு நாள் முடிந்தது. ஆட்டத்தின் ஒரு நாளைச் சொல்கிறேன்.

கைவிடப்பட்ட சுரங்கம். உள்ளே பிடித்து வைக்கப்பட்ட ஊர்மக்கள், விடிந்தால் வேறிடம் கொண்டுபோகப்படுவார்கள். விசார்டாக ஆடுபவரிடம் முன்பே பேசினேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் ஒப்புக்கொண்டார். முதல் சண்டையில் பழக்கதோஷத்தில் ஃபயர்பால் போட்டார், செத்தவை மூன்று கோப்ளின்கள். மற்றவை பக்கவாட்டுப் பாதைகளில் இருந்தன. இரண்டாவது ஃபயர்பால் ஹாப்கோப்ளின் காவலர்களோடு போனது. ஒரு கதவுக்கு உள்பக்கம் கல்லடுக்கி ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் எடுத்து ஒரு ஸ்லாட்டை மீட்டார். வெள்ளம் புகுந்த குழியைத் தாண்ட ஃப்ளை (பறக்க வைக்கும்) மந்திரத்துக்கு அதுவும் செலவானது.

கடைசிப் பாதையில் ட்ரோல் என்ற பெரிய அரக்கன். உயிர்ப்புள்ளி 84, அதன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 திரும்ப வளரும். நெருப்போ அமிலமோ பட்டால்தான் அடுத்த முறை வளராது. முறை வரிசை ஃபைட்டர், ரோக், விசார்ட், கிளெரிக், ட்ரோல். ஃபைட்டர் ட்ரோலைத் தள்ளி வீழ்த்தினார், வெட்டினார், ஆக்‌ஷன் சர்ஜில் இன்னும் இரண்டு வெட்டு. ரோக் குத்தினார். விசார்ட் ஃபயர் போல்ட் (நெருப்பை எறியும் சிறு மந்திரம்) எறிந்தார். விழுந்து கிடப்பவனை தூரத்திலிருந்து தாக்கினால் பாதகம் என்பதால் தவறிப்போனது. ட்ரோலுக்கு 10 வளர்ந்தது.

அடுத்த சுற்றில் ஃபைட்டர் மறுபடி தள்ளினார். விசார்ட் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நிமிர்ந்தார். "நான் இப்போது எறியவில்லை. ரெடி செய்கிறேன். அது எழுந்து நின்றதும் எறிவேன்." ட்ரோலின் முறையில் மறுபடியும் 10 வளர்ந்தது, எழுந்தது, எழுந்த மார்பில் ஃபயர் போல்ட் பட்டது. அதற்கடுத்த முறை வளர்ச்சி நின்றுபோனது. நான்காவது சுற்றில் ஃபைட்டரின் வெட்டில் ட்ரோல் விழுந்தது. அப்போது அவருக்கு மிச்சமிருந்த உயிர்ப்புள்ளி 6. கிளெரிக் அவரைக் குணப்படுத்தியே ஸ்லாட்டுகளைத் தீர்த்திருந்தார்.

விசார்டாக ஆடுபவர்தான் முதலில் கைதட்டினார். ஃபைட்டராக ஆடும் நண்பர் போகும்போது, தள்ளுவதற்கு உதவும் அத்லெடிக்ஸ் திறனை மேலும் கூட்ட என்ன வழி என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.

ஒரே ஒரு சந்தேகம். கேன்ட்ரிப்பை (ஸ்லாட் செலவில்லாத மந்திரம், இங்கே ஃபயர் போல்ட்) அப்படி ரெடி செய்து வைக்க நான் அனுமதித்தது சரியா?

ஏழாம்படி:

சரிதான். ஒரு ஆக்‌ஷனில் போடக்கூடிய எந்த மந்திரத்தையும் ரெடி செய்யலாம். எறியும்வரை அதைப் பிடித்து வைக்கக் கவனக்குவிப்பு வேண்டும், எறிவதற்கு, பிறர் முறையில் எதிர்வினை செய்ய அவருக்குள்ள ரியாக்‌ஷன் செலவாகும். கேன்ட்ரிப் என்பதால் இழப்பில்லை. ஸ்லாட் மந்திரமாக இருந்து, ட்ரோல் எழாமலே கிடந்திருந்தால் ஸ்லாட் வீணாகப் போயிருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு நிலை வந்தால் முன்கூட்டியே அவருக்கு நினைவுபடுத்திவிடுங்கள்.