வெல்ஸ் – ஹோல்கம் – ஓவரி ஸ்டெய்த் கடலோர நடை: எந்தப் பக்கம் தொடங்குவது, ஓதம் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கரையோரன்

வணக்கம். ஆகஸ்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடலோரம், வெல்ஸ்-நெக்ஸ்ட்-த-ஸீயில் தொடங்கி ஹோல்கம் வழியாகப் பர்ன்ஹாம் ஓவரி ஸ்டெய்த் வரை நடக்க உத்தேசம். நாங்கள் இருவர், 65 வயது அம்மா, 9 வயதுப் பையன். சுமார் 10 கி.மீ., வரைபடத்தில் மேடு பள்ளமே இல்லை. மூன்று மணி நேரம் போதுமா? ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்துவிட்டு என்ன முடிவெடுப்பது? கார் ஒன்றுதான். சதுப்புக்குள் இறங்கிக் குறுக்கே போகலாமா?

பதில்: மணல்மேடு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது.

அடுத்து, திசையை மாற்றுங்கள். காரை வெல்ஸில் விட்டுவிட்டு, ஏ149 சாலையில் ஓடும் பேருந்தில் ஓவரி ஸ்டெய்த் போய் இறங்கி, கிழக்கு நோக்கி நடந்து வாருங்கள். கார் முடிவில் காத்திருக்கும், கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டாம். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. மணல் முகத்தில் அடிக்காமல் முதுகில் தள்ளும். இன்னொன்று, ஓவரி ஸ்டெய்த் படகுத்துறையை ஒட்டி நிறுத்தும் கார்கள் பெரிய ஏற்றத்தில் தண்ணீரில் நிற்கும். உப்புநீர் பட்ட காரைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை.

மூன்று மணி நேரம் போதாது. ஸ்டெய்த்திலிருந்து கன் ஹில் மணற்குன்று வரை உயர்த்திய மண்கரைமேல் சுமார் 2 கி.மீ., கெட்டித் தரை, அரை மணி. அங்கிருந்து ஹோல்கமில் கடற்கரைக்கு வரும் லேடி ஆன்ஸ் டிரைவ் சாலை வரை சுமார் 4 கி.மீ.; முதல் பாதி மணல். பொதபொத மணலில் மணிக்கு 2 கி.மீ. நடந்தாலே பெரிது, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இந்த இடத்தில்தான் தெரியும். பிறகு பைன் காட்டின் தென்புறப் பாதை, கடைசி ஒன்றரை கி.மீ. கடற்கரையிலிருந்து வெல்ஸ் துறைக்குப் போகும் கரைமேல். உட்கார்ந்து எழுவதையும் சேர்த்து ஐந்து மணி வையுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். லேடி ஆன்ஸ் டிரைவுக்கு முன் கடையோ கழிப்பறையோ கிடையாது.

பதில்: உப்பங்கழி

ஓதம் பற்றி. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் பெரிய ஏற்றம் வரும். அந்தக் கரையில் அந்த நாட்களில் உச்சம் கோடை நேரப்படி காலை 8 மணி வாக்கில், பிறகு இரவு 8 வாக்கில். அப்படியானால் வற்று, அதாவது தண்ணீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம், பிற்பகல் 2 மணியை ஒட்டி. 10:30-க்கு நடக்கத் தொடங்கினால் கடல் உங்களை விட்டு விலகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு வாரம் கழித்து நடுப்பகலில் உச்சம். ஆனால் அது சின்ன ஏற்றம்.

சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகியிருக்கும்; கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். ஏற்கெனவே கூட்டிய அட்டவணையில் மறுபடி கூட்டுவது மோசமான தவறு: நீங்கள் நினைப்பதற்கு ஒரு மணி முன்பே தண்ணீர் வந்து நிற்கும். தலைப்பில் எந்த நேரம் என்று படித்துவிட்டுத்தான் எண்ணைப் பாருங்கள்.

ஆறு மணி நேர ஏற்றத்தில் நடு இரண்டு மணியில்தான் பாதித் தண்ணீர் ஏறும். அதுவும் முன்னாலிருந்து வராது. மணல்திட்டு மேடு, அதற்கும் கரைக்கும் நடுவே பள்ளம். பள்ளம்தான் முதலில் நிறையும். ஓடையின் அடியில் பழுப்பு நுரை ஒரு விரல் அகலத்துக்குச் சருகைத் தள்ளிக்கொண்டு உள்நோக்கி ஊர்ந்தால் ஏற்றம் தொடங்கிவிட்டது, கரைப் பக்கம் திரும்புங்கள். வெல்ஸ் கடற்கரையில் இதற்காகவே சங்கு ஊதுவார்கள். கன் ஹில்லுக்கு எதிரே ஸ்கால்ட் ஹெட் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நடந்து கடக்க ஆசைப்பட வேண்டாம்.

சேற்றில் கால் சிக்கினால் நேராக இழுக்காதீர்கள், இன்னொரு காலும் இறங்கும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி இடம் பண்ணி எடுங்கள். முடியாவிட்டால் 999-ஐ அழைத்து, கோஸ்ட்கார்ட் (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள்.

பதில்: சவுக்குத்தோப்பு

மேலே சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு. வற்றாக இருந்தால் கன் ஹில்லிலிருந்து குன்றுக்குள் போகாமல் ஈர மணலில் நடங்கள். அலை கெட்டிப்படுத்திய மணல், அம்மாவுக்கு அதுதான் லேசு. ஹோல்கம் வந்ததும் பலகைப் பாதையில் ஏறிக் காட்டுக்குள் போய்விடலாம். குன்றில் ஏறுவதானால் இருக்கும் தடத்தில் மட்டும். மாரம் புல்தான் அந்த மணலைப் பிடித்திருக்கிறது. நம்மூரில் இராவணன் மீசை செய்யும் வேலை. வேர் மிதிபட்டால் அங்கே காற்று குழி பறிக்கும்.

பைன்களும் அதே கதைதான். மணல் உள்ளே நகராமல் இருக்க 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹோல்கம் எஸ்டேட் நட்டது. நம் கடற்கரையில் சவுக்கு போட்ட காரணம். கார்சிகன் பைன்தான் அதிகம்.

ஆகஸ்டிலும் கடற்கரையில் கயிறு கட்டிய பகுதிகள் இருக்கலாம். சிறு ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் மணற்குழியில் முட்டையிடும், கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. பையனைக் கயிற்றுக்கு வெளியே நடக்கவிடுங்கள். ஸ்டெய்த்திலிருந்து வரும்போது கரைமேலிருந்தே சதுப்பு நன்றாகத் தெரியும்: சேற்றில் விரல் விரலாக நிற்பது சாம்ஃபையர், நம் உமரியின் உறவு. ஊதாவாகப் படர்ந்திருப்பது கடல் லாவெண்டர்.

கரையோரன்

உப்பங்கழி அண்ணா, எங்களுக்குக் கிடைத்த தேதியில் உச்சம் பகல் 1 மணிக்கு வருகிறது. தள்ளிப்போடவா?

உப்பங்கழி

வேண்டாம் தம்பி. ஈர மணல் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஓக் கொட்டைச் சின்னம் போட்ட வழிகாட்டிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு கரை, குன்றுத் தடம், காட்டின் தென்புறம் என்று வாருங்கள். கடலைப் பார்க்க வேண்டுமானால் 4 மணிக்கு வெல்ஸ் கடற்கரையில் இறங்குங்கள். அப்போது தண்ணீர் பின்வாங்கிக்கொண்டிருக்கும்.